அவத்தை மாற்றம்

"உது உமக்குச் சரிவராது பிள்ளை. உங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச தேயிலையில ஒண்டைச் செய்யுமன்."

இறுதியாண்டு ஆய்வுப் படிவத்தை என் பக்கம் தள்ளியபடி பௌதிக விரிவுரையாளர் சொன்னார். அவருடைய பாடத்தில் முதல் புள்ளி எனக்குத்தான். அது தெரிந்தும் அவர் கேட்டது, எந்தத் தேயிலைத் தோட்டம் என்று.

நான் எழுதியிருந்த தலைப்பு: மின்புலப் பொறியில் பிடித்த அயன்களால் குவாண்டம் அவத்தை மாற்றத்தை ஆராய்தல். திங்கட்கிழமைக்குள் மேற்பார்வையாளராக விரிவுரையாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் தேயிலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு என் ஊரான மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் அம்மா அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் படிக்க இம்புட்டுச் சண்ட?"

"அவத்தை மாற்றம்மா."

"நம்ம அவத்தைய மாத்தவா? அதுக்கெல்லாம் பாடம் இருக்கா?"

சிரித்தார். எனக்கு இன்னும் எரிந்தது. பாடப் புத்தகத்தில் அவத்தை என்றால் பனிக்கட்டி, நீர், ஆவி என்பதுபோலப் பொருள் இருக்கும் நிலை. லயத்தில் அதற்குத் துன்பம் என்ற ஒரே அர்த்தம்தான்.

"காலைல வேல பிரிக்கிற பெரட்டுக்கு வரிசையா நிப்பீங்கல்ல, அதுமாதிரி அயன வரிசையா நிறுத்துவாங்க. அயன்னா மின்சாரம் ஏறுன அணு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். சூடே இருக்காது. லேசர் வெளிச்சத்தால ஒண்ண ஒண்ணு உணர வைப்பாங்க. அந்தப் பிடிப்ப மெல்லக் கூட்டுனா, ஒரு கட்டத்துல எல்லாம் சேந்து ஒரே பக்கம் திரும்பிரும்."

"பெரட்டுல அப்புடித் திரும்புனா கங்காணி ஓடிருவாரு."

"எந்தக் கட்டத்துல திரும்புதுன்னுதாம்மா பாக்குறாங்க."

"அதுக்கு ஒங்க வாத்தியாரு என்னாங்குறாரு?"

"தேயிலையப் பத்தி எழுதச் சொல்றாரு."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"தேயிலைக்குத்தான் நான் இருக்கேன்ல."

திங்கள் காலை வேறொரு விரிவுரையாளரிடம் போனேன். அவர் கணிதப் பிரிவு, சிங்களவர். எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி தவறு என்று காட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். படிவத்தில் நான் முன்பு எழுதியிருந்த பௌதிக விரிவுரையாளரின் பெயரை ஒற்றைக் கோடு போட்டு வெட்டினேன். வெட்டப்பட்டது யார் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அயன்களைப் பிடிக்கும் அந்தப் பொறி இல்லை. பொறியில் என்ன தெரிய வேண்டும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பதே என் ஆய்வு. ஓர் அயனைச் சேர்த்தால் நிலைகள் இரட்டிப்பாகும். அந்தப் பெருக்கம் கணினிக்கும் எட்டாமல் போவதால்தான் ஆய்வுகூடங்களில் அயன்களையே நிறுத்திப் பார்க்கிறார்கள்.

நான்கு அயன்கள் வரை முடித்துவிட்டேன். இன்று காலை ஐந்தாவதைச் சேர்த்தேன்.