இரண்டாவது பிரேக்

அந்தப் பகுதியில் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது. பதினான்கு வருடங்களாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு படம், ஒரு கார். காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மாட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அங்கே உட்கார்ந்து, அந்த பிரேக்குக்கு ஓர் அங்குலம் மேலே காலை வைத்திருப்பதுதான் அவள் வேலை. பேருந்தில் போனாலும் கால் அப்படித்தான் நிற்கும். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தால் தரையை ஓங்கி மிதிப்பாள். பக்கத்தில் இருப்பவர் செருப்பை இழுத்துக்கொள்வார்.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். நாற்சந்தியில் இருக்கும் பெரிய பள்ளியில் ஒரு மாதம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவர்கள்.

“நீங்க திட்ட மாட்டீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“திட்டினா உங்க கை ஸ்டியரிங்கை விட்டுட்டு காதைப் பொத்தப் போகும். எனக்கு அந்தக் கை வேணும்.”

பதினைந்து வயதைத் தாண்டிய காரில் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது விதி. கார் இல்லை என்றால் பள்ளிக்கான அனுமதியும் இல்லை. அவளுடைய காருக்குப் பதினைந்து முடிய எட்டு மாதங்கள் இருந்தபோதுதான் தொழில்கள் படுக்க ஆரம்பித்தன. கடைத்தெருவில் வாடகைக்கு என்ற அட்டைகள் தொங்கின. மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் கணவனுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்றார்கள். பதினொரு பேர் வந்துகொண்டிருந்த பயிற்சிக்கு மூன்று பேர் வந்தார்கள். கார் விலையும் இறங்கத் தொடங்கியது.

“ஆறப்போடு” என்றான் கணவன். “விலை இறங்கிட்டு இருக்கு. கீழ போறவன் நடுப்படியில உக்காருவானா?”

“கீழ்ப்படி எதுன்னு யார் சொல்றது?”

“அதான் பேப்பர்ல வருதே.”

பெரிய பள்ளியின் முதலாளியும் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு ஆள் தேவை. வண்டி அவருடையது, மாதச் சம்பளம். ஆனால் அங்கே ஒருவர் ஓட்ட, மூன்று பேர் பின்இருக்கையில் முறைக்குக் காத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் செய்யும் தப்புக்கெல்லாம் அந்த மூன்று பேரும் சிரிப்பார்கள். அவளிடம் வந்தவர்கள் அந்தச் சிரிப்புக்குப் பயந்து வந்தவர்கள்தான்.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு கார் விற்கும் இடத்துக்குப் போனாள். கண்ணாடிச் சுவர், பலூன்கள், கழுத்துவரை இறுக்கிய டையோடு ஒரு விற்பனையாளர். அவள் கேட்டது கற்றுக்கொடுக்க ஏற்ற, கையால் கியர் மாற்றும் சின்ன கார். பரிசோதனை ஓட்டத்துக்கென்று வைத்திருந்த காரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“மேடம், இந்தப் பக்கம்.”

“நான் உக்காரப்போறது இங்கதான் தம்பி. நீங்க ஓட்டுங்க. இங்கேர்ந்து ரோடு எப்படித் தெரியுது, இன்னொரு பிரேக் வெச்சா கால் இடிக்குதான்னு பாக்கணும்.”

“கஸ்டமர்தான் ஓட்டணும் மேடம். கம்பெனி ரூல்.”

“ஓட்டுறது எப்படியும் இன்னொருத்தர்தான். எனக்கு இந்த சீட்டுதான் முக்கியம்.”

“ரூல் மேடம்.” குளிரூட்டிய கூடத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தவருக்கு நெற்றி வியர்த்தது. “இன்னிக்கே புக் பண்ணிடுங்க. அடுத்த மாசம் விலை ஏறுது.”

அவள் விலைப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். அடுத்த மாதம் விலை இறங்கியது. மறுபடி போனாள். அதே கார், அதே விதி, அதே வியர்வை. மூன்றாம் மாதமும் அப்படியே. ஓட்டிக் காட்டப் பயப்படுகிறார்கள் என்றால் அந்த வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவு கட்டினாள். அத்தனை வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கணவனுக்குத் திருப்தி. “நான்தான் சொன்னேனே” என்றான்.

இப்படியே ஐந்து மாதங்கள் போயின. மீதி மூன்று.

ஒரு காலையில் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். டை இல்லாததால் அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வண்டி ஓட்டக் கத்துக்கணும்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான் மேடம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“எத்தனை வருஷம் கார் வித்தீங்க?”

“ஆறு. பாதிப்பேரை நிறுத்திட்டாங்க. என்னையும் சேர்த்து.” அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “ஆறு வருஷத்துல என்னை ஓட்டச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் சாவிய கையிலேர்ந்து பிடுங்காத குறையா வாங்கிப்பாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவரும் சிரித்தார்.

“அப்ப அந்த வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லையா?”

“வண்டியில இல்ல மேடம். கோளாறு எல்லாம் ரூல் சொன்னவன்கிட்டதான்.”

சிரிப்பு நின்றது. “அதை நினைச்சுத்தான் மாசக்கணக்கா தள்ளிப்போட்டேன் தம்பி” என்றாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் விண்ணப்பத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

சரக்கு வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், உரிமம் இருந்தால் போதும் என்றார். அதே வாரம், மூடிப்போன ஓர் அலுவலகத்தின் கணக்கர் வந்து சேர்ந்தார். பிறகு ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை போன இரண்டு பெண்கள். அவர்களுக்கும் ஓட்டினால்தான் வேலை. கூட்டம் திரும்பி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், ஆளில்லாத ஒரு சாலையில் டைக்காரர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

“இப்பச் சொல்லுங்க. புது வண்டி எப்ப வாங்கலாம்?”

“எனக்குத் தெரியாதுக்கா.” மேடம் எப்போது அக்கா ஆனாள் என்பது இருவருக்குமே தெரியாது.

“அடுத்த மாசம் ஏறும்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்க?”

“மாசக் கடைசியில மேலேர்ந்து போன் வரும், அப்படிச் சொல்லுன்னு. மேல இருக்கிறவருக்கும் தெரியாது. கியர் மாத்தவா?”

“கிளட்ச். முதல்ல கிளட்ச்.”

கியர் கரகரத்து விழுந்தது. அவர் மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: “விலை இன்னும் இறங்கும்க்கா. ஆனா வண்டி வராது. கியர் வண்டி செய்றதைக் குறைச்சுட்டாங்க. இப்ப புக் பண்ணினா அஞ்சு மாசம். ஷோரூம்ல நிக்கிறது எல்லாம் தானா கியர் மாத்துற வண்டி.”

அவள் கால் பிரேக்கைத் தொட்டது. கார் நின்றது.

“நான் தப்பா எதுவும் பண்ணலையே?”

“இல்ல. நான்தான். சொல்லுங்க.”

“நீங்க மூணு தடவை ஏறி உக்காந்தீங்களே, அந்த டெஸ்ட் டிரைவ் வண்டி ஒண்ணுதான் பாக்கி. அதையும் தள்ளிடப் பாக்குறாங்க. விளம்பரம் பண்ண மாட்டாங்க. போய்க் கேட்டா குடுப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அன்று மாலை கணவன் முகத்தைச் சுளித்தான். “ஊர்ல இருக்கிறவன் எல்லாம் ஏறி மிதிச்ச வண்டி.”

“அதுக்குத்தானே வாங்குறேன்.”

“ஒரு மாசம் பொறு. அதுவும் இறங்கும்.”

“இறங்கும். அதுக்குள்ள வேற யாராவது ஓட்டிட்டுப் போயிட்டா, நான் பின்சீட்டுல மூணு பேரை வெச்சிட்டு நாள் பூரா கத்தணும். எனக்குக் கத்த வராது.”

“உனக்கா கத்த வராது? வீட்டுல வருதே.”

“வீட்டுல ரெண்டாவது பிரேக் இல்ல.”

அவன் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். அதற்குப் பின்னாலிருந்து, “டயரைப் பாத்து வாங்கு” என்றான்.

மறுநாள் அளவு நாடாவோடு போனாள். மேலாளர் வேடிக்கை பார்க்க, பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் குனிந்து அளந்தாள். இடம் போதும். கதவில் இரண்டு கீறல், பின்பக்கத்தில் ஒரு நெளிசல். கிளட்ச் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்தது. பதினோராயிரம் கிலோமீட்டர், முழுக்க முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கால்கள். மேலாளர் சொன்ன விலையை அவள் கொஞ்சம் குறைத்தாள். அவர் கார் தரையில் விரிக்கும் இரண்டு மிதியடிகளை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று வாசலைத் தாண்டும்வரை தோன்றிக்கொண்டிருந்தது. தாண்டிய பிறகும் தோன்றியது.

இரண்டாவது பிரேக் பொருத்தினார்கள். பள்ளியின் அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பழைய காரை இரும்புக்காரர் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

ஆறு வாரம் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினான். அவளே கேட்டாள்.

“எவ்வளவு இறங்கியிருக்கு?”

அவன் சொன்னான். சின்னத் தொகை இல்லை. அவள் கொடுத்த விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால் கீறல் இல்லாத புது வண்டி.

“டெலிவரி?”

“ஆறு மாசம்னு போட்டிருக்கு.”

அவள் தட்டைக் கழுவினாள். துடைத்த தட்டை இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஏழு மணிக்குக் கணக்கர் முறை. ஐம்பத்து மூன்று வயது. பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவருக்குப் பிரதான சாலையில் அதுதான் முதல் நாள். விளக்கு பச்சையானதும் கிளட்சைச் சட்டென்று விட்டார். கார் ஒரு துள்ளல் துள்ளி அணைந்தது. பின்னால் ஹாரன்கள்.

“ஐயோ, எல்லாரும் நிக்கிறாங்கம்மா.”

“நிக்கட்டும். சாவியைத் திருப்புங்க.”

திருப்பினார். மறுபடி துள்ளி அணைந்தது. பின்னால் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. கணக்கரின் காதோரம் வியர்வை ஓடியது. விளக்கு சிவப்புக்கு மாறியது.

“நல்லதாப்போச்சு” என்றாள் அவள். “இப்ப நமக்கு ஒரு நிமிஷம் இருக்கு. கிளட்சை முழுசா மிதிங்க. நானும் மிதிக்கிறேன். மெதுவா விடும்போது எங்க பிடிக்குதுன்னு கால்ல பாருங்க.”