குவாரிச் சுவர் கூட்டிச் சொன்ன சத்தம்

கீர்த்திகாவின் சம்பளம் அவளுடைய காதுக்குத்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சோதனைத் திடலில் வேலை. வானத்தில் போய் வெடிக்கும் ஷாட் பெட்டியைப் பற்றவைத்துவிட்டு, தள்ளி நின்று சத்தங்களை எண்ணுவாள். ஒன்று குறைந்தால் அந்தப் பெட்டியை யாரும் நெருங்கக் கூடாது. வெடிக்காதது உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம்.

மற்ற நேரமெல்லாம் சைக்கிள் பைத்தியம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற கார்பன் நாரால் ஆன மவுண்டன் பைக் அவளுடையது. மேடேறினால் மேடு என்றே தெரியாது, அவ்வளவு லேசு. ஆனால் குதித்த அடியை வாங்கிக்கொள்ளும் அதன் சஸ்பென்ஷன் ஆறு விரற்கடைக்கு மேல் அமுங்காது. பெனிட்டோ என்பவர் பாழடைந்த கல்குவாரியில் பைக் பார்க் போட்டிருந்தார். உயரத்திலிருந்து சரிந்து வந்து மண்மேடுகளில் தாவிக் குதிக்க வேண்டும். அங்கே ஓடும் வண்டிகள் ஒரு சாண் அமுங்கும், எருமைக் கனம் கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தங்கை ஐஸ்வர்யா பெயர் கொடுத்துவிட்டாள். கல்லூரிக்குப் போகிறவள், அக்காவின் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தது கீர்த்திகா. வண்டி தாங்குமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் விழப்போவது தங்கை. சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் குவாரிக்குப் போனார்கள். முதலில் தான் ஓட்டிப் பார்க்காமல் கீர்த்திகா வண்டியைத் தரவில்லை.

உள்ளே இறங்கியதும் வெளியுலகச் சத்தம் அடியோடு அற்றுப்போனது. ஒரு காக்கைகூட இல்லை. கீழே கரும்பச்சைத் தண்ணீர், எதிரே செங்குத்தான பாறைச் சுவர். இருமினால் சுவரும் இருமியது.

முதல் தாவலில் வண்டி அம்சமாகத்தான் இறங்கியது. காதில் இருந்த காற்றின் இரைச்சல் அடங்கியதும் சுவர் பதில் சொன்னது: டப். அதை ஒட்டி, மெல்லிசாக இன்னொன்று: டிக்.

கீர்த்திகா பிரேக்கைப் பிடித்து நின்றாள். சத்தம் குறைந்து கேட்டிருக்கிறாளே ஒழிய, கூடிக் கேட்டதில்லை.

"பெனிட்டோண்ணே, கேட்டீகளா?"

அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "இந்த எடம் அப்படித்தாம்மா. கல்லு சரிஞ்சு ரெண்டு பேரு போயிட்டாக. நான் எதையும் காதுல போட்டுக்கிறதில்ல."

அவருடைய கனத்த வண்டியை வாங்கி அதே மேட்டில் தாவினாள். டப் மட்டும்தான். திரும்பத் தன் வண்டியில் ஏறினாள். டப், டிக்.

"செத்தவுகளுக்கு என் வண்டிதான் கண்ணுல பட்டுச்சாக்கும்" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. இறங்கி, வண்டியின் குழாய்ச் சட்டமான பிரேமைத் தலைமுதல் வால்வரை தடவினாள். ஒரு கீறல் இல்லை. மனசு கேட்காமல் மறுபடி தாவினாள். டப். காத்திருந்தாள். சுவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

"பாத்தீகளா, போயிருச்சு" என்றார் பெனிட்டோ.

அப்பாடா என்றிருந்தது கீர்த்திகாவுக்கு. எத்தனை பெரிய மடத்தனம்! "தாங்கும்டி" என்று தங்கையிடம் சொல்லியே விட்டாள். ஐஸ்வர்யா வண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

அவள் சரிவில் வண்டியை விட்ட பிறகுதான் கீர்த்திகாவுக்கு உறைத்தது. ஒரு சத்தம் குறைந்திருக்கிறது. சஸ்பென்ஷன் ஆறு விரற்கடையில் தீர்ந்துபோக, மிச்ச அடியெல்லாம் பிரேமுக்குள் இறங்கியிருக்கிறது. டிக் என்றது உள்ளே ஓடிய விரிசல். இப்போது அது ஓடி முடித்துவிட்டது.

"ஐசு! தாவாத! நில்லுடி!"

அந்த அலறலைச் சுவரும் அலறியது. ஐஸ்வர்யா மேட்டின் விளிம்பில் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது. ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் மட்டும் அவள் கையோடு முன்னால் போய்விட்டன. மிச்ச வண்டி கால்களுக்கு நடுவே சாய்ந்து கிடந்தது.

கீர்த்திகா ஓடிப்போய் அவளை ஓர் அறை அறைந்தாள். பிறகு இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். உடைந்த குழாயின் வாயில் கறுப்பு நார்கள் துருத்திக்கொண்டு நின்றன.

ஐஸ்வர்யா கன்னத்தைத் தடவவில்லை. கையில் இருந்த துண்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒடையும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா."