ஒரே பெயர்க்காரிகள் நால்வர்

என் பெயர் கொண்ட பெரிய மனுஷிகளைப் போன வாரம் மருமகள் கைப்பேசியில் தேடி வாசித்துக் காட்டினாள். கராச்சர்மா ஊரில் எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். படை நடத்திய ஒரு ராணி, கோயில் கோயிலாகப் பாடிப் போன ஒருத்தி, ஓவியத்தில் விளக்கோடு நிற்கிற ஒருத்தி, கதைகளில் வருகிற இரண்டு மூன்று பேர். பெருமையாகத்தான் இருந்தது.

"மூத்தவளைக் காணோமே" என்றேன்.

"அது யாரு அத்தை?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிலோனிலிருந்து வந்த எங்களை ஒரு தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு வைத்தார்கள். அங்கே இந்தப் பெயரில் நாங்கள் நாலு பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு குரல் எழும்பும். அதனால் வயதுப்படி மூத்தவள், இரண்டாமவள், மூன்றாமவள், கடைக்குட்டி என்று ஆனோம். நான் மூன்றாமவள்.

மூத்தவளுக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரியும். சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் இருந்தவள். நாங்கள் பெருவிரலில் மை தடவுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேரு ஒண்ணுதானேடி? ஒரு பாடம் போதும், வாங்க."

ரப்பர் பால் எடுத்து, வாளி கழுவிக் கவிழ்த்த பிறகு, ஈர மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவாள். நாலே எழுத்து. அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. மரம் சீவுகிற கை குச்சி பிடிக்க மறுத்தது. விட்டாளா அவள்? இரண்டு மாதத்தில் நாங்களும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம்.

அங்கேதான் வந்தது வினை. கிளார்க் பாபுவுக்குத் தமிழ் அரைகுறையாகப் பேச வரும், படிக்கத் தெரியாது. நாலு கையெழுத்தும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்தார்.

"ஏக் ஹி ஹாத்! எல்லாம் ஒரே கை! வேலைக்கு வராதவளுக்கும் இவளே போட்டிருக்கா" என்று மூத்தவளைக் காட்டிக் கத்தினார்.

அது நிரூபணமானால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைக்காரி. ஆனாலும் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பெரிய சார்கிட்டப் போவோம் பாபு" என்று முன்னால் நடந்தாள்.

தோட்டத்து மேனேஜரான பெரிய சார் மதுரைப் பக்கத்துக்காரர். வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினார். "ஒவ்வொருத்தரா என் கண்ணு முன்னாடி போடுங்க."

மூத்தவள் போட்டாள். இரண்டாமவள் போட்டாள். என் முறை வந்தபோது பேனா வழுக்கியது.

"மண்ணுன்னு நெனச்சுக்கடி" என்றாள் மூத்தவள் மெதுவாக.

போட்டேன். கடைக்குட்டியும் போட்டாள். நாலும் ஒன்றுபோலவே இருந்தன.

சார் தாளைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. கீழே இந்தக் கோடும் புள்ளியும் எதுக்கு?"

"அதுவும் எங்க பேருதானுங்களே!" என்றாள் இரண்டாமவள்.

சார் சிரித்த சிரிப்பில் பாபுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது பேரு இல்லம்மா. அழகுக்குப் போடுறது. விட்டுடலாம்."

மூத்தவள் எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும். வாத்தியார் சிலேட்டில் போட்டுக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவள்.

"இருக்கட்டும் சார். கஷ்டப்பட்டுப் படிச்சிருக்காளுங்க" என்றாள்.

மறுநாள் காலை பாபு பதிவேட்டை முதலில் அவளிடம்தான் நீட்டினார். போட்டுவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினாள். கோட்டையும் புள்ளிகளையும் விடாமல் போட்டேன். இன்றும் பேங்கில் அப்படித்தான் போடுகிறேன்.