கதவில் கட்டிய மஞ்சள் துணி

சண்டையால் பெற்றோல் கிடைக்காத அந்த வருடங்களில் எங்கள் இரண்டு கதவுக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே காருக்குள்ளே ஒரு ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைத் தொங்கவிட்டு, குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளப்புவோம். கதவுப் பூட்டுத் தேய்ந்தால் வாங்கிப் போட வழியில்லை. உள்ளே இருந்துகொண்டு கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

சண்டை நின்றிருந்த சில மாதங்களில், அரியாலையில் கடலோர வெளியொன்றில் பழைய கார்களுக்கு ஓட்டப்போட்டி என்று ஒரு விளையாட்டுக் கழகம் அறிவித்தது. என் மனைவியின் தம்பி என்னைக் கேளாமலே எங்கள் காருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். கொடிகாமம் சந்தைக்கருகில் ஒரு வாடகைக் கார் எரிந்ததை நான் கண்ணால் கண்டவன். உள்ளே இருந்தவர் கயிற்றை அவிழ்க்கப் பாடுபட்டதையும் கண்டேன்.

"ஓட வேண்டாமெண்டு சொல்லேல்லை. எரிஞ்சா எப்பிடி இறங்குவாய் எண்டு காட்டிப்போட்டு ஓடு," என்றேன்.

இடப்பக்கக் கதவு துருவேறி இறுகிக் கிடந்தது. இறங்க மற்றக் கதவு ஒன்றுதான். அதன் கயிற்றுக்கு, நுனியை ஒருதரம் இழுத்தால் அவிழும்படி சுருக்கு முடிச்சுப் போட்டேன். புகையில் கண் தெரியாது என்பதால் அவன் கண்ணைத் துவாயால் கட்டி, முற்றத்தில் இறங்கி இறங்கிப் பழகவைத்தேன். நைலோன் சேட் உருகித் தோலோடு ஒட்டும் என்று பருத்திச் சேட் எடுத்துவைத்தேன். வாளிகளில் மணலும் ஈரச் சாக்கும் தயார் செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, மச்சானைக் கார் ஓட விடுறியளோ, கோழி பிடிக்க விடுறியளோ?"

கண் கட்டியபடியே மச்சான் பதில் சொன்னான்: "அத்தான் என்னை ஓட விடமாட்டார். இறங்க மட்டுந்தான் விடுவார்!"

போட்டியன்று என் மாமியும், அவன்ரை தாய்தானே, போட்டி நடக்கும் வெளிக்கு வந்திருந்தார். அம்மன் கோயிலில் வைத்தெடுத்த மஞ்சள் துணி கையில் இருந்தது. அவன் ஏறி இருந்து கயிற்றைக் கட்டியதும், அது தளர்ந்து கிடப்பதாக நினைத்தாராக்கும், பாதிக்கு மேல் இறங்காத யன்னலால் கையை விட்டுச் சுருக்கின் மேலேயே துணியைச் சுற்றி மூன்று முடிச்சு இறுக்கிவிட்டார். நேர்த்தித் துணியைப் போன காரியம் முடியுமுன் அவிழ்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. மணல் வாளியோடு வந்த நான் கண்டு திகைத்துப்போனேன்.

"தம்பி, உதிலை கை வையாதேங்கோ," என்றார் மாமி.

"மாமி, கதவு திறக்க ஏலாது."

"திறக்க வேண்டி வராது. அதுக்குத்தானே கட்டினது."

அதே அம்மனைத்தான் நானும் பிறந்த நாள் முதல் கும்பிடுகிறேன். அங்கே கார்களை வரிசைக்குக் கூப்பிட்டார்கள்.

"அத்தான், அவிழ்க்கிறதோ விடுறதோ, கெதியாச் சொல்லுங்கோ," என்றான் மச்சான். அவன் குரலில் பகிடி இல்லை.

தாயே பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவிழ்த்தேன். கடைசி முடிச்சுக்குப் பல்லும் வேண்டியிருந்தது. துணியை அவன் கழுத்தில் கட்டிவிட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஞ்சின் சூடேறியதும் பெற்றோல் போத்தலைக் கழற்றி வெளியே எறியச் சொல்லியிருந்தேன். முந்துகிற அவசரத்தில் அவன் மறந்துபோனான். ஒரு பள்ளக் கிடங்கில் கார் துள்ளி விழுந்தது. குழாய் கழன்றிருக்க வேண்டும். முதலில் புகை, பிறகு தீ. நான் வாளியோடு ஓடினேன். கதவு திறந்தது, அவன் உருண்டு விழுந்தான். ஈரச் சாக்கால் மூடினோம். ஒரு கை வெந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. காரை மணலால் அணைக்க முடியவில்லை.

மாமி அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "அவிழ்க்காமல் விட்டிருந்தா எரிஞ்சிராது தம்பி," என்றார்.

அவன் கைப்புண் ஆறும்வரை மாமி எங்கள் வீட்டில்தான் நின்றார். எனக்குச் சோறு போட்டார், கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்றபோது நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொன்னேன். இன்னொருதரம் அப்படி வந்தாலும் அவிழ்ப்பேன் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.