விடுமுறைக் காவல்

ஊருக்கெல்லாம் லீவு என்றால்தான் என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மனிதர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சதுப்பு நிலத்தில் மனை போட மண் கொட்டுகிறவர்கள் அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். புகார் சொல்லப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. அதனால் தொடர் விடுமுறை வந்தால் போதும், மாமா தன் ஓட்டை வேனை அங்கே போகிற ஒரே மண்பாதைக்குக் குறுக்கே நிறுத்தி உள்ளேயே படுத்துக்கொள்வார். லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். மழைத் தண்ணீர் சதுப்புக்குப் போகாவிட்டால் எங்கள் தெருவில்தான் இடுப்பளவு நிற்கும். தெரிந்தும், ஆரம்பத்தில் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. கொசு பிடுங்கினாலும் இவருக்கு அங்கதான் தூக்கம் வரும்" என்பாள் அக்கா. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மனை போடுவதை எதிர்த்து மாமா போட்ட வழக்கு இந்த வருடம்தான் ஒரு வழிக்கு வந்தது. விடுமுறை முடிந்ததும் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தண்ணீர் நிற்கிற நிலம் என்று அவர் எழுதிவிட்டால் வீட்டுமனைக்கு அனுமதி கிடையாது. மாமாவின் பாதி ஆயுள் அதில் தொங்கியது. அதே விடுமுறையில்தான் அவர் மகள் கல்யாணமும் அமைந்தது. மண்டபம் வேறு நாளில் கிடைக்கவில்லை.

வேனைப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்தார். மதியம் போன் வந்தது. வேனைக் கயிறு கட்டி இழுத்து ஓரத்தில் தள்ளிவிட்டார்களாம், லாரிகள் வரிசையாக வருகின்றனவாம். மாமா எழுந்துவிட்டார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் எனக்கு மட்டும் அப்பாவா இருங்கப்பா."

உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன். பாதையில் கையை விரித்து நின்றேன். டிரைவர் ஒருவன் சிரித்தே விட்டான். எனக்கு அழுகை வந்தது.

அதிகாரி வந்தபோது நிலம் சமமாக, சிவப்பாக இருந்தது. ஷூவில் ஈரம் படாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார்.

"தண்ணி நிக்குதுன்னு சொன்னீங்களே, எங்கங்க?"

மாமாவிடம் எத்தனையோ வருடத்துப் பதில் இருந்தது. ஆனால் அலுத்துப் போயிருந்தார், பாவம்.

"வீட்ல கல்யாணம் சார். என் பொண்ணுக்கு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படியா! ரொம்ப சந்தோஷம்" என்று கை குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.