நூறு சதவீதம் போன வருஷம்

எங்கள் பள்ளிக்கூட மதிலில் ஆளுயர நீல எழுத்தில் ‘நூறு சதவீதம் வெற்றி’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தார்கள். பாறசாலையிலிருந்து கொல்லயில் பக்கம் போகிற பஸ்காரர்கள்கூட அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போவதாக எங்களுக்கு ஒரு நினைப்பு. தொண்ணூறுகளின் நடுவில், என் பெரியம்மை அங்கே தலைமை ஆசிரியையாக வந்த மறுவருஷம், அந்த நூறு போயிற்று. நான் அப்போது பெரியம்மை வீட்டில் நின்று ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

நூறு எப்படி வருகிறது என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைத் தவறென்று நினைத்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் தகப்பனை அழைத்து, டி.சி. வாங்கி வேறெங்காவது சேர்க்கும்படி தன்மையாகச் சொல்வார்கள். வேறெங்கும் சேர்க்க மாட்டார்கள் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பையன்கள் செங்கல் சூளைக்குப் போவார்கள். பெண்கள் அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலைக்குப் போவார்கள். மிச்சமிருப்பவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி ஜெயிப்பார்கள். மதிலுக்குப் புது நீலம் பூசுவார்கள்.

பெரியம்மை அந்த டி.சி.களில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்த எல்லோரும் பத்துக்கு வந்தார்கள். சாயங்காலம் மணியடித்த பிறகு அவளே அவர்களுக்குக் கணக்கு எடுத்தாள். அவளுக்காகக் காத்திருக்கும் சாக்கில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருவரின் மகள், டீச்சர்களைவிட உயரமானவள், கீழ் வகுப்புகளில் தோற்றுத் தோற்று வந்தவள், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்திருப்பாள். ஒரே கணக்கைப் பெரியம்மை அவளுக்காக அழித்து அழித்துப் போடுவாள். வீட்டில் எனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசியும் கிடைத்ததில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பாதிப் பேர் தோற்றிருந்தார்கள்.

பெரியப்பா பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அன்று வெளியே எங்கும் போகவில்லை. என்னைச் சீனி வாங்க அனுப்பினார்கள். கடையில் நின்ற ஒருவர், “மக்கா, ஒனக்க பெரியம்மை பள்ளிக்கூடத்தைப் பூட்டியாச்சா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பார்த்தால் மதிலில் ‘நூறு’ என்ற எழுத்தின் மேல் யாரோ சாணியை அள்ளி வீசியிருந்தார்கள்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தும் மானேஜரும் வந்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர்தான் பி.டி.ஏ. தலைவர். அவர் மகனும் அந்த வருஷம் பரீட்சை எழுதியிருந்தான்.

“முந்தி எழுதின பிள்ளைய எல்லாம் ஜெயிச்சுது. இப்பம் பாதி தோக்குது. படிப்பு கெட்டுப்போச்சுண்ணுதானே அர்த்தம்?” என்றார் அவர்.

“முந்தி எழுதாத பிள்ளைய எங்க போச்சு?” என்று கேட்டாள் பெரியம்மை. “அதுகளையும் சேத்து எண்ணினா நமக்கு எப்பமாவது நூறு உண்டா? சூளையில நிக்க பிள்ளைய தோத்த கணக்கில வரல்ல, அவ்வளவுதானாக்கும்.”

ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குப் பெரியம்மை ஜெயித்துவிட்டாள் என்று தோன்றியது. ஆனால் கடைக்காரர் விடவில்லை. “அது போட்டும் டீச்சரே. எனக்க மவன் நல்லா படிக்கப்பட்டவன். அவனுக்கும் மார்க்கு குறைஞ்சுபோச்சே. அதுக்கு என்ன பறையுதீங்க?”

பெரியம்மை, “குறைஞ்சது உள்ளதுதான்” என்றாள். “மத்த பிள்ளையளெ பாத்த நேரத்தில ஒங்க மவனெ விட்டிருப்பேன். அது எனக்க பிழையா இருக்கலாம். அடுத்த வருஷம் ரெண்டு கூட்டருக்கும் நேரம் கண்டுபிடிக்கேன். ஆனா ஒரு பிள்ளையையும் வெளிய அனுப்ப மாட்டேன்.”

மானேஜர் மலையாளத்தில் அலுத்துக்கொண்டார்: “ஸ்கூளின்றெ பேரு போயல்லோ, டீச்சரே.”

“பேரு போட்டும் சாறே. பிள்ளைய போகண்டாம்.”

சொன்னபடியே அடுத்த வருஷம் நன்றாகப் படிக்கிறவர்களுக்குக் காலையில் மணியடிக்கும் முன்பே வகுப்பு வைத்தாள். கடைக்காரரே தம் இளைய மகளை அதற்குக் கொண்டுவந்து விட்டார். தேறியவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடினார்கள். ஆனாலும் பெரியம்மை ஓய்வு பெறும்வரை நூறு திரும்பி வரவில்லை. அவளும் அதைத் தேடிப் போகவில்லை. இன்று எந்தப் பள்ளிக்கூடத்தின் மார்க் குறைந்தது என்று கேள்விப்பட்டாலும், யார் யாரை எழுத விட்டார்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். அப்படிக் கேட்கும் புத்தி அன்று எனக்கு இல்லை. பெரியம்மையைத் தோற்றுப்போனவளாகத்தான் எண்ணியிருந்தேன்.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் அந்த உயரமான பெண்ணின் தகப்பனார் வருக்கைச் சக்கை என்கிற பெரிய பலாப்பழம் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அதை முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“டீச்சரே, மவ தோத்துப்போச்சு. மொத்தத்தில கொஞ்சம் மார்க்குதான் போராம போச்சு. கணக்கில நல்ல மார்க்கு உண்டு. செப்டம்பர்ல பின்னயும் எழுதணும்ணு நிக்கா.”

மதிலில் சாணியைப் பார்த்தபோதும் கூட்டத்தில் கேள்வி கேட்டபோதும் கலங்காத பெரியம்மை, அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சக்கையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பாவம், தோற்பது என்றால் என்னவென்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை, அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல்தான் பெரியம்மை அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.