ஏழு கோடுகள்

இத்தாலியின் அப்ரூட்சோ மலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே பனிமூட்டம் எங்களை மூடுகிறது. வழிகாட்டப் பாறைகளில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகளை எண்ணியபடி வருகிறேன், இது அறுபத்துமூன்றாவது. இந்த உச்சிக்காகவே ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் கட்டடத்தின் பதினான்கு மாடிகளையும் மூன்று மாதம் ஏறி இறங்கினோம்.

“இஞ்சாருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. திரும்புவம்,” என்கிறாள் மனைவி. எனக்கும் பயம்தான்.

மேலிருந்து ஒரு கிழவர் பெயின்ட் வாளியோடு இறங்கி வருகிறார். அவரும் இளமையில் ரொறன்ரோவில் கட்டடங்களுக்குக் கொங்கிறீற் போடும் வேலை செய்தவராம், ஆங்கிலம் பேசுகிறார். இந்தக் கோடுகளைப் பூசுவது அவர்தான். உச்சிக்கு இன்னும் எத்தனை கோடு என்று கேட்கிறேன். மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஏழே ஏழு,” என்கிறார்.

“ஏழுதானே, நடவுங்கோ,” என்று அவள் முன்னே போகிறாள்.

ஏழாவது கோட்டில் உச்சி இல்லை. ஆனால் மூட்டம் காலுக்குக் கீழே கிடக்கிறது, முகத்தில் வெயில்.

“மனுசன் பொய் சொல்லி எங்களைப் பேய்க்காட்டிப்போட்டுது!” என்று சிரித்துக்கொண்டே அவள் ஏறுகிறாள்.

உச்சி, அவரைக் கண்ட இடத்திலிருந்து இருபத்திரண்டாவது கோட்டில் இருக்கிறது. பூசியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? சரியாகச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்போம். அவர் இறங்கிப்போன மூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.